சீசனில் திறக்காத வலைத்தளம்: இலவச ஹோஸ்டிங் போதுமா?

வாசகி கடிதம்:

"ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மூன்று அறைகளை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நாங்களே வறுத்து அரைத்த காப்பித்தூளும் மிளகும் விற்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் போன வருடம் செலவில்லாமல் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். இந்த மே மாதம் கோடை விழா சமயத்தில் பலர் போன் செய்து, 'உங்கள் பக்கம் திறக்கவில்லை, 509 என்று ஏதோ வருகிறது' என்றார்கள். திறந்து பார்த்த சிலருக்கு எங்கள் பக்கத்திலேயே வேறொரு ரிசார்ட்டின் விளம்பரம் வந்ததாம். சேலத்தில் ஒருவர், மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய் கட்டினால் எல்லாம் 'அன்லிமிடெட்' என்கிறார். ஹோஸ்டிங் என்றால் என்ன என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. இலவசம் போதாதா? வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே வைக்க முடியாதா? காப்பித்தூள் பாக்கெட்டில் பழைய முகவரியை அச்சடித்துவிட்டோம், அதை என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருந்த முகவரிக்குப் போய்ப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மற்றதெல்லாம் சொல்வதற்கு முன் ஒன்று. இன்று மாலைக்குள் அக்கா மகனிடம் சொல்லி, முன்பதிவுப் படிவத்தில் ஆதார் நகலைப் பதிவேற்றக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் ஆதார் படங்களையும் அழித்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு விளக்குகிறேன். மற்ற வேலைகள் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.

சரி, ஹோஸ்டிங் என்றால் என்ன? உங்கள் தோட்டத்துப் படங்கள், அறை வாடகை, மிளகு விலை எல்லாமே கோப்புகள்தான். அவை ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் இராப்பகலாக ஓட வேண்டும், நள்ளிரவில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் சர்வர் என்கிறோம். அந்த மாதிரி ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் கோப்புகளுக்கு இடம் கொடுப்பதுதான் ஹோஸ்டிங். உலகத்தின் முதல் வலைத்தளம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ வேலை செய்த மேசைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் என்ன ஆவது என்று, 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு அந்தச் சீட்டிலேயே பதில் இருக்கிறது. முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் ஒரு இடிமழை வந்தால் மின்சாரம் எத்தனை மணி நேரம் போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். லைன் அறுந்தால் இன்டர்நெட்டும் போய்விடும். போதாததற்கு, வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கப்படும் ஐபி எண், அதாவது இன்டர்நெட்டில் உங்கள் கதவு எண், பெரும்பாலும் நிலையாக இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருபவர் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். இடம் வேறு, பெயர் வேறு. டாட் காம், டாட் இன் என்று முடிகிறதே, அது டொமைன் பெயர். அது தனியாகப் பதிவு செய்யப்படுவது, தனியாகக் கட்டணம் கட்டப்படுவது. டாட் இன் பெயர்களை நம் நாட்டில் நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. ஒருவர் உங்கள் பெயரைத் தட்டியதும், அது எந்த சர்வரில் இருக்கிறது என்று டிஎன்எஸ் என்னும் அமைப்பு தேடிப் பார்த்து, அதற்குரிய ஐபி எண்ணைச் சொல்லும். அப்புறம்தான் பக்கம் திறக்கும். இது நம் மொபைல் நம்பர் மாதிரி. கம்பெனியை மாற்றினாலும் பழைய நம்பரை வைத்துக்கொள்கிறோம் இல்லையா? டொமைன் பெயரும் அப்படித்தான். ஒரு ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லை என்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். பெயர் கூடவே வரும், வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியவே தெரியாது.

உங்களுடைய இப்போதைய முகவரியில் முதல் பாதிதான் உங்கள் தோட்டத்தின் பெயர். பின்பாதி அந்த இலவச கம்பெனியின் பெயர். அதாவது நம்பர் உங்களுடையது இல்லை. பக்கம் திறக்காதது, விளம்பரம் வந்தது எல்லாம் பிறகுதான். என் கண்ணுக்கு முதலில் பட்ட குறை இதுதான்.

உங்களுக்குக் காப்பிக் களம் தெரியும். சொந்தக் களம் இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்துக் களத்தில் பழத்தைக் காயப்போடுவார்கள். நல்ல மனிதராக இருந்தால் காசு கேட்க மாட்டார். ஆனால் அவருடைய பழம் வந்து இறங்கும் நாளில் உங்களுடையதை அள்ளியாக வேண்டும், பாதி காய்ந்திருந்தாலும் சரி. இலவச ஹோஸ்டிங்கும் அவ்வளவுதான். கொடுப்பவர் கெட்டவர் இல்லை. அவருடைய களம், அவருடைய சௌகரியம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்த மாட்டை நம்பி உழவுக்கு இறங்குகிறவர் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது 509க்கு வருகிறேன். அந்த எண் வந்தால், உங்களுக்கு ஒதுக்கிய பேண்ட்வித் தீர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் சர்வரிலிருந்து பார்ப்பவரின் போனுக்குப் போகும் மொத்தத் தரவுக்கு மாத அளவு ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் அது 10 ஜிபி என்று அந்த கம்பெனியின் பக்கத்தில் போட்டிருக்கிறது. உங்கள் முகப்புப் பக்கத்தில் 24 படங்கள் இருக்கின்றன. எல்லாம் போனில் எடுத்து அப்படியே ஏற்றியவை, ஒவ்வொன்றும் 4 எம்பியை ஒட்டி இருக்கிறது. ஒருவர் பக்கத்தை முழுக்கப் பார்த்தால் 96 எம்பி போகிறது. நூறு பேர் பார்த்தால் 9.6 ஜிபி. கணக்கு முடிந்தது! மாதத்துக்கு நூற்றுச் சொச்சம் பேர்தான் உங்கள் தளத்தைப் பார்க்க முடியும். கார்த்திகை, மார்கழியில் அது தெரியாது. மே மாதம் கோடை விழா அறிவிப்பு வந்ததும் ஊர் ஊராக எல்லோரும் ஏற்காட்டில் தங்க இடம் தேடுவார்கள், அப்போது இரண்டு மூன்று நாளிலேயே கதவு சாத்திக்கொள்ளும். இலவச ஹோஸ்டிங்கில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆள் வராத மாதங்களில் ஒழுங்காக வேலை செய்யும். ஆள் வரும் வாரத்தில் நின்றுவிடும்.

இதில் பாதிப் பழியைப் படங்கள் மேல்தான் போட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே 24 படங்களை அகலம் குறைத்து, ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் வருமாறு சுருக்கினால் மொத்தம் 4.8 எம்பிதான். அதே 10 ஜிபியில் 2,000 பேருக்கு மேல் பார்க்கலாம். போனில் பார்ப்பவருக்குத் தரத்தில் வித்தியாசமே தெரியாது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு சாயங்கால வேலை. நீங்கள் காசு கொடுத்து நல்ல ஹோஸ்டிங்குக்கு மாறினாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் விருந்தினர், சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் நின்று உங்கள் வீட்டுக்கு வழி பார்க்கத் தளத்தைத் திறப்பார். அங்கே 96 எம்பி இறங்கவே இறங்காது. வழி, தொலைபேசி எண், அறை வாடகை மூன்றும் பக்கத்தின் மேலேயே எழுத்தாக இருக்கட்டும். உங்கள் தளத்தில் அக்கா மகன் தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் எழுதியிருக்கிறான். படம் வரவில்லையென்றால் எண்ணும் வராது. அதை மாற்றச் சொல்லுங்கள்.

விளம்பர விஷயம். இலவசமாக இடம் கொடுப்பவருக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து வரலாம். உங்கள் பக்கத்தில் எதைக் காட்டுவது என்று நீங்கள் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, பார்ப்பவர் எதைத் தேடுகிறார் என்று கணித்து விளம்பர இயந்திரம் தானாகப் போடும். ஏற்காடு, அறை, காப்பித் தோட்டம் என்று எழுதிய பக்கத்தில் ஏற்காட்டு ரிசார்ட் விளம்பரம் வருவதுதான் அதன் கணக்குப்படி சரி. ஆக, உங்களைத் தேடி வந்தவருக்கு உங்கள் பக்கமே வேறொரு கதவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இதை அமைப்பில் போய் நிறுத்த முடியாது. காசு கட்டும் திட்டத்துக்கு மாறினால்தான் நிற்கும்.

இன்னொரு பயம் எனக்கு உண்டு, அது அனுபவத்தில் வந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் ஒரு பட்டறைக்காரருக்கு இலவச இடத்தில்தான் தளம் செய்து கொடுத்தேன். நானூறுக்கு மேற்பட்ட கொலுசு மாதிரிகளின் படங்கள், எடை விவரத்தோடு. வடக்கே இருக்கும் கடைக்காரர்கள் அதைப் பார்த்து, மாதிரி எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள். கொலுசு வைத்துக் கொடுக்கும் சின்ன அட்டைப் பெட்டியில் அந்த முகவரியை அச்சடித்து, ஐயாயிரம் பெட்டி போட்டார். அந்த இலவச கம்பெனி ஒருநாள் சேவையை நிறுத்தியது. முப்பது நாள் அவகாசம் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அது கணக்குத் திறப்பதற்காக மட்டும் நான் உருவாக்கிய மின்னஞ்சல், யாரும் திறந்து பார்ப்பதில்லை. தெரிந்தபோது எல்லாம் போயிருந்தது. படங்களின் நகல் என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அந்த மாதிரிகள் பலவற்றின் அச்சைக்கூட அவர் உருக்கிவிட்டிருந்தார். அவர் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, 'பெயர் யார் பேரில் இருக்கிறது, நகல் எங்கே இருக்கிறது' என்ற இரண்டைத்தான்.

சின்ன கம்பெனி என்பதால் அப்படி ஆனது என்று நினைக்காதீர்கள். 1990களில் ஜியோசிட்டீஸ் என்றால் இலவச வலைப்பக்கம் என்றே பொருள். 1999இல் யாகூ அதை நூற்றுக்கணக்கான கோடி டாலருக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள் போயின, ஆர்வலர்கள் ஓடி ஓடி நகல் எடுத்துச் சேமித்தவைதான் மிஞ்சின. அண்மைக்கு வருவோம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுளே இலவசமாக ஒரு சின்ன வலைத்தளம் செய்து கொடுத்தது, நம் ஊர்க் கடைகளுக்குக்கூட அது இருந்தது. 2024 மார்ச்சில் அவற்றை நிறுத்தினார்கள். பழைய முகவரியைத் தட்டினால் மேப் விவரத்துக்குத் திருப்பிவிடும் வசதியும் அந்த ஆண்டு ஜூன் 10 வரைதான் இருந்தது. மேப் பதிவு மட்டும் இன்றும் இலவசமாக இருக்கிறது. அதை விடாதீர்கள், ஹோம்ஸ்டேக்கு அது நல்ல துணை.

டொமைன் பெயரே இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் அதையும் தள்ளிவிடுங்கள். ஃப்ரீனாம் என்ற கம்பெனி டாட் டிகே, டாட் ஜிஏ போன்ற முடிவுகளில் பல ஆண்டுகள் இலவசப் பெயர் கொடுத்து வந்தது. மோசடிக்காரர்கள் அவற்றை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். 2023இல் புதிய பதிவுகள் நின்றன. காபோன் நாடு தன் டாட் ஜிஏவைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது எழுபது லட்சம் பெயர்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த கம்பெனி பெயர் வியாபாரத்தையே விட்டுவிட்டது.

இப்போது ஆதார். 2015இல் 000வெப்ஹோஸ்ட் என்ற பெரிய இலவச ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து 1.3 கோடிக்கும் அதிகமான பயனர்களின் விவரங்கள் வெளியே கசிந்தன. அதிலே கொடுமை, கடவுச்சொற்கள் குறியாக்கம் எதுவும் செய்யாமல் எழுத்தாக அப்படியே இருந்தன. காசு கட்டும் இடத்தில் கசிவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தளத்தில், போகும் வரும் தரவை வழியில் பிறர் படிக்காதபடி மறைக்கும் எச்டிடிபிஎஸ் என்ற வசதி இன்னும் இல்லை, முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பற்றது என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது. 2018 ஜூலையிலிருந்து குரோம் இப்படிக் காட்டுகிறது. அதாவது விருந்தினர் அனுப்பும் ஆதார் படம் வழியில் மறைப்பு இல்லாமல் போகிறது. போய் சேர்ந்த பிறகு உங்கள் அக்கா மகன் அமைத்த கோப்புறையில் கிடக்கிறது. அந்தக் கோப்புறையின் பெயரைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் எனக்கே தெரிந்தது. நான் எதையும் திறக்கவில்லை. வேறொருவர் திறந்திருக்கலாம்.

2023இல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் வந்து தங்கி, உங்கள் கையால் காப்பி குடித்துப் போன குடும்பத்தின் அடையாள அட்டை அது. விருந்தினர் வந்து இறங்கியதும் அட்டையைக் காட்டச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நகல் வாங்கியே தீர வேண்டும் என்றால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் இருக்கிறது, அதைக் கேளுங்கள். தளத்தில் பெயர், தொலைபேசி, வரும் நாள், எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் இலவச ஹோஸ்டிங்கே வேண்டாமா? அப்படி இல்லை. அக்கா மகன் போன்ற பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அவன் உங்களுக்கு நல்லதுதான் செய்தான், தளத்தின் வடிவமும் நன்றாகவே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கல்லூரி வேலை, இரண்டு மாதத்தில் முடியும் நிகழ்ச்சி இவற்றுக்கு இலவசம் தாராளமாகப் போதும். தொழிலுக்கும்கூட ஒரு நடுவழி உண்டு. சொந்தப் பெயரை மட்டும் காசு கொடுத்துப் பதிந்துவிட்டு, அதை கூகுள் கொடுக்கும் இலவச இடங்களான பிளாகரிலோ கூகுள் சைட்ஸிலோ இணைத்துக்கொள்ளலாம். இரண்டும் சொந்தப் பெயரை இணைக்கத் தனியாகக் காசு கேட்பதில்லை, எச்டிடிபிஎஸ்ஸும் வந்துவிடும், உங்களைக் கேட்காமல் அடுத்தவர் விளம்பரத்தை ஒட்டுவதும் இல்லை. நாளைக்கு அவை நின்றாலும் பெயர் உங்களிடம் இருக்கிறது, வேறு இடத்துக்குத் திருப்பிவிடலாம். எல்லா இலவச இடமும் இதற்கு ஒத்துவராது. பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் கிட்ஹப் பேஜஸின் விதிகள், ஆன்லைன் கடை நடத்த அனுமதிப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: பெயரை உடனே பதியுங்கள், அடுத்த சீசனுக்கு முன் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு மாறுங்கள். ஷேர்டு என்றால் ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்குபோட்டுக்கொள்வது, லைன் வீடு மாதிரி. பக்கத்து வீட்டில் கூட்டம் கூடினால் உங்களுக்கும் கொஞ்சம் நெருக்கடி வரும். ஆனால் மூன்று அறை ஹோம்ஸ்டேக்கு அது போதும். விபிஎஸ், டெடிகேட்டட், கிளவுட் என்று யாராவது சொன்னால், அந்த வீடு உங்களுக்குப் பெரிது.

விலை. இன்றைக்கு டாட் காம் அல்லது டாட் இன் பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் ஆகும். ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,500 வரை. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அதிக விலையையே வைத்துக் கணக்குப் போட்டாலும் மூன்று வருடத்துக்கு வரியோடு 21,240 ரூபாய்தான் வரும். 36,000 கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். மாதாமாதம் வாடகையை மாற்றுவது, படம் ஏற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் வேலை என்றால் அந்தக் காசு நியாயமானதுதான். வெறும் இடத்துக்கு மட்டும் என்றால் அதிகம். என்னென்ன வேலை செய்வார் என்று எழுதி வாங்குங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். எந்த சர்வரிலும் வட்டுக்கு ஓர் அளவு உண்டு. இடம் அளவில்லை என்று சொல்லிவிட்டு, கோப்புகளின் எண்ணிக்கையிலும் சர்வரின் மூளையை எத்தனை நேரம் பயன்படுத்தலாம் என்பதிலும் வரம்பு வைத்திருப்பார்கள், விதிமுறைப் பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதே போல முதல் வருடம் ஒரு விலை, புதுப்பிக்கும்போது அதைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது புதுப்பிக்கும் விலை. பிறகு, பேக்கப், அதாவது தளத்தின் நகல், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார்கள், கேட்டால் அதை உங்கள் கையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். சர்வர் மும்பை, சென்னை போல இந்தியாவிலேயே இருக்கிறதா, அமெரிக்காவிலா என்றும் கேளுங்கள். உங்கள் விருந்தினர் எல்லாம் சேலம், பெங்களூரு, சென்னைக்காரர்கள், சர்வர் அருகில் இருந்தால் தளம் விரைவாகத் திறக்கும். எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. இது நல்ல இலவசம், தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி சொன்னாலும் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்க இடமிருக்கிறது. 99 என்று சொன்னால் மூன்றரை நாளுக்கு மேல். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒன்பதைக் கவனியுங்கள்.

பெயர் பதியும்போது கவனம் வேண்டும். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் இருக்கட்டும். அக்கா மகன் பெயரும் வேண்டாம், செய்து கொடுப்பவர் பெயரும் வேண்டாம். ஆள்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பிள்ளை வேலைக்கு வெளியூர் போவான், செய்து கொடுப்பவர் தொழிலை மாற்றுவார். டாட் காம் பதிந்ததும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பை அழுத்தவில்லை என்றால் பெயர் நிறுத்தி வைக்கப்படலாம். புதுப்பிக்க மறந்துவிட்டாலும் உடனே போய்விடாது. சில வாரம் வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம், அதன்பின் 30 நாள் பெரிய அபராதத்தோடு மீட்கலாம், அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம் வரை சேர்த்தே பதியலாம். உங்களுக்கு மூன்று வருடம் போதும்.

என்ன பெயர் வைப்பது? போனில் சொல்லிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து பேசுபவர் ஒருமுறை கேட்டதும் சரியாகத் தட்ட வேண்டும். ஏற்காடு என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், சேர்வராயன் என்பதை இன்னும் பலவிதமாக. அவை இல்லாமல் உங்கள் தோட்டத்தின் பெயரே இருந்தால் நல்லது. டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே முடியும் முகவரியும் பதிய முடியும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் உங்கள் விருந்தினரில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள் என்பதால் அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

பாக்கெட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய இலவசக் கணக்கை மூடாமல் அப்படியே வைத்திருங்கள். அதில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, 'புதிய முகவரிக்கு மாறிவிட்டோம்' என்று ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்தில் இணைப்போடு, கீழே தொலைபேசி எண்ணோடு போடச் சொல்லுங்கள். படம் இல்லாத பக்கம் என்பதால் 509 வராது. கையில் இருக்கும் பாக்கெட்டுகள் தீரும்வரை அது ஓடினால் போதும். சில இலவச கம்பெனிகள் நீண்ட நாள் உள்ளே நுழையாத கணக்கை நீக்கிவிடும், ஆகவே மாதம் ஒருமுறை அக்கா மகன் உள்ளே போய் வரட்டும். புதுப் பாக்கெட்டில் சொந்தப் பெயர் வரட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், இருக்கும் கோப்புகளையும் டேட்டாபேஸையும் இறக்கி, ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வேறு இடத்தில் வையுங்கள். ஆதார் படங்கள் அந்த நகலில் சேரக் கூடாது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பினால் எல்லா இடத்திலும் அது தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் சிலருக்குப் பழையது தெரியும், சிலருக்குப் புதியது. ஆகவே கூட்டம் இல்லாத வாரத்தின் நடுவில், செவ்வாய் புதனில் மாற்றச் சொல்லுங்கள். ஆடி பிறக்கப் போகிறது, புதிதாக எதையும் தொடங்க வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் இடத்தை ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் ஆனி முடிவதற்குள் பதிந்துவிடுங்கள். நான் தேடிப் பார்த்தபோது உங்கள் தோட்டத்தின் பெயர் டாட் இன்னில் யாரும் எடுக்காமல்தான் இருந்தது.